கடல் இல்லாத ஊரில் கப்பல் கதை

சத்துவாச்சாரியில இருந்து கடலைப் பார்க்கணும்னா சென்னைக்குப் பஸ் ஏறணும். பாலாத்துல தண்ணி வந்தாலே குடும்பத்தோட வேடிக்கை பார்க்கப் போற ஊர் எங்களுது. இங்க உட்கார்ந்துகிட்டு பாய்மரக் கப்பல் கதைகளுக்கு நான் அடிமையானதுக்குக் காரணம் அப்பா.

அப்பா ஆம்பூர்ல ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினவர். ராத்திரி வீட்டுக்கு வந்தா சட்டையில தோல் வாடை, கையில சாண்டில்யன். கடல் புறா, யவன ராணி எல்லாம் உண்டு. ஆனா அவருக்கு உசுரு ஜலதீபம்தான். மூணு பாகம். 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கம், பாயும் பீரங்கியும் சேர்ந்த கப்பல்கள். மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேகிட்ட போய்ச் சேர்ற தமிழ் இளைஞன் இதயசந்திரன்தான் ஹீரோ. அவனைப் பார்க்கிற பெண்கள் எல்லாரும் அவன்மேல காதல் கொள்வாங்க, அதை விடுங்க. ஆங்கரே நிஜ மனிதர். 1721ல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் கூட்டு சேர்ந்து அலிபாக் பக்கம் இருக்கிற கொலாபா கோட்டையைத் தாக்கி, தோத்துத் திரும்பினாங்க. 1729ல் அவர் சாகிற வரைக்கும் அவரைப் பணிய வைக்க முடியல.

எம்பிபிஎஸ் படிக்கும்போது ஹாஸ்டல்ல 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' படம் பார்த்தேன். 2003ல் வந்தது. அதுல கப்பல் டாக்டர் ஸ்டீபன் மாச்சுரின், கண்ணாடியைப் பார்த்தபடி தன் வயித்துல இருக்கிற குண்டைத் தானே எடுப்பார். அப்புறம் பேட்ரிக் ஓ'பிரையன் எழுதின அந்த நாவல் வரிசையைத் தேடிப் படிச்சேன். முடிச்ச நாவல்களே இருபது. கயிறுகளுக்கு அவர் சொல்ற பேர் பாதி எனக்குப் புரியாது, தாண்டிடுவேன். டாக்டர் வர்ற பக்கத்தை மட்டும் ரெண்டு தடவை படிப்பேன். ஈதர் மயக்க மருந்து 1846லதான் வந்தது. அதுக்கு முன்னாடி, ஆடுற கப்பல்ல, முழிச்சுகிட்டிருக்கிற ஆளோட காலை எடுக்கணும்.

இன்னொரு கதை, இது வரலாறு. கடலோடிகளைக் கொத்துக் கொத்தா கொன்னது ஸ்கர்வி. 1747ல் சாலிஸ்பரி கப்பல்ல ஜேம்ஸ் லிண்ட் என்ற டாக்டர் 12 நோயாளிகளை ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஆறு வித வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ன ரெண்டு பேர்தான் சட்டுனு தேறினாங்க. இங்கிலாந்து கடற்படை எலுமிச்சைச் சாறைக் கட்டாயமாக்கினது 1795ல்தான். 48 வருஷம்! படிச்சப்ப, "தெரிஞ்சும் செய்யல பாரு, முட்டாப் பசங்க"ன்னு திட்டினேன்.

அப்பாவுக்குப் பதினஞ்சு வருஷமா சர்க்கரை. "வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துக்கோங்க, பார்வை நல்லா இருந்தாலும்"னு ஓபில தினமும் சொல்றவன் நான். என் அப்பாவை ஒரு தடவைகூட கூட்டிட்டுப் போகல. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிகிட்டே இருந்தேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காலையில, "கண்ணுக்குள்ள கறுப்பு நூல் மிதக்குதுடா"ன்னார். வலது கண்ணுல ரத்தக் கசிவு. இடது கண்ணை லேசர் காப்பாத்துச்சு, ஆனா நடமாடற அளவுக்குத்தான். அச்செழுத்து தெரியாது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கல. அவர் ஜலதீபத்தைப் பரண்மேல எடுத்து வைக்கச் சொன்ன அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

மறுநாள் இறக்கினேன். இப்ப டியூட்டி இல்லாத ராத்திரிகள்ல நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். நடுவுல எங்க பேச்சு எங்கெங்கயோ போகும். கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனை 1816ல் கொழும்புல இருந்து மதராசுக்குக் கொண்டுவந்தது கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பல். பம்பாயில தேக்கு மரத்துல கட்டினது, 74 பீரங்கி. அங்கிருந்து ராஜாவை நம்ம வேலூர் கோட்டைக்குக் கொண்டுவந்து வெச்சாங்க. 1832ல் இங்கயே செத்தார். பாலாத்தங்கரையில முத்துமண்டபம் அவர் சமாதிதான். இதைச் சொன்னதும் அப்பா, "இத்தனை நாளா பஸ்ல அந்தப் பக்கம் போயிட்டு வந்திருக்கேனே"ன்னு ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டார்.

ஒரே ஒரு சங்கடம். சாண்டில்யனோட பெண் வர்ணனைகளை அப்பா முன்னாடி எப்படி வாசிக்கிறது? போன வாரம் நைசா ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டிட்டேன்.

"டேய்," என்றார் கண்ணை மூடியபடி. "பக்கம் ஒட்டிகிட்டு இருக்கும், பிரிச்சுப் பாரு. எனக்கு அது மனப்பாடம்."