வெயிலூரில் ஒரு ஹீட்டர்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

எங்கள் ஊரின் பெயர் எப்போதும்வென்றான். பெயரில் வெற்றி இருக்கிறது. ஆனால் வெயிலை வென்றவர் எங்கள் ஊரில் எவரும் இல்லை. பங்குனி பிறந்துவிட்டால் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலையில் கானல் நீர் ஓடும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு கார் சூடான காற்றைத் தர மறுக்கிறது என்றால் யார்தான் வருந்துவார்கள்? ஆயினும் 2025ஆம் ஆண்டுப் பொங்கலின்போது எங்கள் வீட்டின் கவலையெல்லாம் அதுவாகவே இருந்தது.

என் அக்காள் உதகமண்டலத்தில் வாழ்க்கைப்பட்டவள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. மார்கழி, தை இரவுகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படியும். அத்தான் முந்திய ஆடியில் கோவில்பட்டிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய வாடகைக் காரை வாங்கியிருந்தார். பொங்கலுக்கு அதில்தான் வந்தார்கள். விடியுமுன் குன்னூர் மலைப்பாதையில் இறங்கும்போது முன்கண்ணாடி உட்புறம் புகை படிந்ததுபோல் மூடிக்கொண்டதாம். ஹீட்டரைத் திருப்பினால் குளிர்ந்த காற்றே வந்ததாம். அத்தான் ஒரு கையால் துணிகொண்டு துடைத்துக்கொண்டே, மறு கையால் வளைவுகளைக் கடந்திருக்கிறார். அக்காள் மடியில் பத்து மாதக் குழந்தை. இதைக் கேட்டதும் அம்மா, “பிள்ளைய விட்டுட்டுப் போங்க, இல்லேன்னா பஸ்ஸில போங்க” என்று சொல்லிவிட்டாள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் கார் வந்து சேர்ந்தது. டீக்கடையில் இருந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. “அனல் காத்துக்கு இங்க என்ன பஞ்சமா? அதுக்கு ஒரு மிசினு வேற வேணுமாக்கும்!” என்றார் ஒரு பெரியவர்.

நண்பர்களே, கார் ஹீட்டருக்குச் சொந்தமாக நெருப்பு இல்லை. எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீர் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சுடுநீரில் சிறிது, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. அதன்மீது விசிறி வீசும் காற்றே சூடாக வருகிறது. எஞ்சினுக்கு வேண்டாத வெப்பம் மனிதனுக்கு உதவுகிறது, அவ்வளவுதான். ஆகவே காற்று குளிர்ந்தால், ஒன்று நீர் சூடாகவில்லை. அல்லது சூடான நீர் வந்து சேரவில்லை. அல்லது காற்றைத் திருப்பும் கதவு திறக்கவில்லை.

சித்தப்பா இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் இதே வரிசையில்தான் பார்த்தார். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். நீர் நிறைய இருந்தது. சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு எட்டயபுரம் வரை ஓட்டிச் சென்று திரும்பினோம். வெப்பம் காட்டும் முள் அடியைவிட்டு நன்றாக எழவேயில்லை. ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் தொட்டார். இரண்டும் வெதுவெதுப்பாகவே இருந்தன.

“மாப்ள, வால்வு இருக்கான்னு பாப்போம்” என்று அந்த மூடியைக் கழற்றினார். உள்ளே வெறும் ஓட்டைதான்! தெர்மோஸ்டாட் வால்வை யாரோ என்றோ எடுத்து எறிந்திருந்தார்கள். நீர் போதிய அளவு சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து நிறுத்துவது அந்த வால்வு. அது இல்லாததால் நீர் ஓயாமல் ரேடியேட்டருக்குள் சுற்றி ஆறிக்கொண்டே இருந்தது. எஞ்சினுக்கு வேலை குறைந்த மலை இறக்கத்தில், அதுவும் பனிக்காலத்தில், சூடு எங்கிருந்து வரும்?

“ஏன் சித்தப்பா எடுத்தாங்க?” என்று கேட்டேன்.

“வண்டி சூடாகுதும்பாங்க; வால்வக் கழட்டிருவாங்க. வால்வு மேல ஒரு பாவமும் இல்ல தம்பி. எல்லாம் நம்ம ஊர்த் தண்ணி செய்த வேலை” என்றார்.

மறுநாள் தூத்துக்குடியிலிருந்து புது வால்வு வந்தது. சித்தப்பா அதை நூலில் கட்டி, அம்மாவின் அடுப்பில் இருந்த பாத்திர நீரில் தொங்கவிட்டார். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தது. நீர் கொதிப்பதற்கு முன்பே, உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிய, வால்வு மெல்ல வாய் திறந்தது. வகுப்பில் பலமுறை எழுதிய வெப்ப விரிவை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

வால்வைப் பொருத்தியதும் முள் எழுந்தது. ஆனால் இப்போது ஒரு குழாய் சுட்டது; மற்றது குளிர்ந்திருந்தது. ஹீட்டருக்குள் அடைப்பு! எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உவர்நீர்தான். குடத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் படியும் அதே உப்பு, பல கோடைகளாக ஊற்றிய நீரிலிருந்து அந்த மெல்லிய குழல்களில் படிந்திருந்தது. எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரை ஊறவிட்டு, நீரை மெதுவாக எதிர்த்திசையில் செலுத்தினார். செங்காவி நிறத்தில் கசடு வந்தது. தெளிந்த நீர் வரும்வரை விடவில்லை. பின்னர் காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றினார். காரின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றைக் குமிழி குமிழியாக வெளியேற்றினார். சற்று நேரத்தில் ஹீட்டர் வாயிலிருந்து பங்குனி மாதக் காற்று வீசியது!

காணும் பொங்கலன்று மாலை அவர்கள் புறப்பட்டார்கள். நள்ளிரவுக்குப் பின் குன்னூரிலிருந்து அக்காள் பேசினாள்: “பனி கண்ணு தெரியல. ஆனா கண்ணாடி தெளிவா இருக்கு. பிள்ள நல்லாத் தூங்குதா.” அதன் பிறகே அம்மா படுத்தாள்.

கோடையில் வண்டி சூடானபோது, உப்பை நீக்க வேண்டியவர்கள் வால்வை நீக்கினார்கள். எஞ்சின் தேயும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பதைக்கூட அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத காரணத்தை விட்டுவிட்டுக் கைக்கு எட்டியதைக் கழற்றி எறிவது பட்டறைகளில் மட்டும் நடப்பதன்று. குடும்பத்திலும் ஊரிலும் நடப்பதுதான். ஓரிடத்தில் தேவையில்லை என்று தோன்றும் பொருள், மற்றோரிடத்தில் ஓர் உயிரைக் காக்கும். ஆகவே நண்பர்களே, எதையும் கழற்றுமுன் அது எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்று ஒருமுறை கேட்போம்.