பத்து ஜிபிக்குள் ஒரு தீபாவளி

தீபாவளி நெருங்கினால் புதியம்புத்தூரில் தையல் மெஷின் சத்தம் ஓயாது. ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர். மூட்டை கட்டி லாரி ஏறும் நேரத்தில் பில்லிங் கம்ப்யூட்டர் நின்றுபோனால்?

சின்னக் கடைகளின் பில்லிங் சாஃப்ட்வேர் பலவற்றுக்கு அடியில் இருப்பது மைக்ரோசாஃப்ட்டின் இலவச எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்.

2008 ஆர்2 முதல் 2022 பதிப்பு வரை, ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான். டிஸ்கில் எவ்வளவு இடம் கிடந்தாலும் அதற்கு மேல் டேட்டா ஃபைல் வளராது. புது பில் ஏறாது. 2025 பதிப்பில்தான் வரம்பு 50 ஜிபி ஆனது.

பழைய பில்லை அழித்தால் ஃபைல் சுருங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சுருங்காது. உள்ளே காலியாகும் இடத்தில் புது பில்கள் உட்காரும், அவ்வளவுதான். ‘ஷ்ரிங்க்’ போட்டுச் சுருக்கினால் இண்டெக்ஸ் சிதறும்.

லாக் ஃபைல் இந்த 10 ஜிபி கணக்கில் வராது. ஆனால் டேட்டாபேஸை ‘ஃபுல் ரிக்கவரி’ முறையில் வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால், அது டிஸ்க் முழுவதையும் தின்றுவிடும்.

அழிக்கவும் அவசரப்படக் கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். வரம்பு டேட்டாபேஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்பதால், பழைய வருடங்களை இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றுவதே நல்ல வழி. அதற்கு முன் பேக்கப் கட்டாயம்.

உங்க கடை டேட்டாபேஸ் இப்போ எத்தனை ஜிபி? சீசனுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்களேன்.