இரண்டு இழை போதும்

பணி ஓய்வு பெற்றவனுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். முப்பத்தைந்து வருடம் காலை 8.40 பஸ்ஸைப் பிடித்த கால்களுக்கு, 2017-க்குப் பிறகு பிடிப்பதற்கு எதுவுமே இல்லாமல் போயிற்று. வேலையில் இருந்தவரை நான் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்ததில்லை. ஆனால் பஸ் நிறுத்தம் வரை நடை, அலுவலக மாடிப்படி, மதியம் டீக்கடை வரை ஒரு நடை என்று உடம்பு தானாக அசைந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற அன்றே அதுவும் சம்பளத்தோடு சேர்ந்து நின்றது. சால்வை போர்த்தி, கடிகாரம் கொடுத்து அனுப்புகிறவர்கள் இதைச் சொல்லி அனுப்புவதில்லை.

2022-இல் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்தது. என் வயதுக்காரர்களுக்கு இந்த எண்ணைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிர் வாழ்கிறது. அந்த நாட்களில் அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டுவதுதான் இந்தச் சோதனை. அதனால் முதல் நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் இருந்து இதை ஏமாற்ற முடியாது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டால் நோய் என்று கணக்கு. "வாசப்படியில நிக்கறீங்க சார், உள்ள போயிடாதீங்க" என்றார் டாக்டர்.

எனக்கு உடனே அப்பாவின் ஞாபகம் வந்தது. 1990-இல் செருப்புக் கடித்த சின்னப் புண்ணில் தொடங்கி, அவருடைய வலது கால் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்ததால் புண் பெரிதாகும் வரை அவருக்கு வலியே தெரியவில்லை. அதன் பிறகு ஆறு வருடம் திண்ணைதான் அவருக்கு உலகம். பையோடு போகிறவர்களைக் கூப்பிட்டு, "இன்னைக்குத் தக்காளி என்ன விலை?" என்று கேட்பார். வாங்கப் போகிறவர் அல்ல அவர். கடைத்தெருவை அப்படித்தான் அவர் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் ஓர் அச்சடித்த தாள் கொடுத்தார். தினம் 45 நிமிட நடை, எண்ணெய் குறை, சாதம் குறை, காய்கறி கூட்டு என்று பன்னிரண்டு கட்டளைகள். பெங்களூரில் இருக்கும் மகன் தன் பங்குக்கு என் செல்போனில் நடையை எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டுவிட்டு, "பத்தாயிரம் ஸ்டெப்ஸ்ப்பா, கொறையக் கூடாது" என்றான்.

தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். "என்னங்க, நான் நாப்பது வருஷமா தினம் வாசல்ல கோலம் போடறேன். தினம் பெரிய கோலம்தான் போடணும்னு வெச்சிருந்தா ஒரு மாசத்துல விட்டிருப்பேன்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். சாதாரண நாளில் அவள் போடுவது ஐந்து புள்ளி வைத்த சின்னக் கோலம். வெள்ளிக்கிழமை கொஞ்சம் பெரிதாக, காவி பூசி. மார்கழியில் பாதித் தெரு வரை. உடம்பு முடியாத நாளில் வெறும் இரண்டு இழை. அரை நிமிட வேலை. ஆனால் கோலம் இல்லாமல் வாசல் வெறுமையாக இருந்ததில்லை. தினசரிக்கு ஓர் அளவு, வாரத்துக்கு ஓர் அளவு, முடியாத நாளுக்கு என்று ஓர் அளவு. அந்த மூன்றாவது அளவுதான் டாக்டரின் தாளிலும் இல்லை, மகனின் ஆப்பிலும் இல்லை.

அதையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டிலிருந்து மூன்றைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தோம்.

முதலாவது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை. சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையைத் தசைகள் வேலை செய்து இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்த நேரத்துக்குத் தனிப் பலன் உண்டு. முடியாத நாளின் அளவு: தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்புவது. மழை என்றால் கூடத்திலேயே நாலு சுற்று.

இரண்டாவது, காபிச் சர்க்கரை. நாளுக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் ஸ்பூன் குறைத்தோம். நான்கு மாதத்தில் சர்க்கரை போய்விட்டது. நாக்குக்கு அது போனதே தெரியவில்லை. இப்போது கல்யாண வீட்டுக் காபிதான் எனக்குப் பாயசம் மாதிரி இருக்கிறது.

மூன்றாவது, பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது. ஒரு கை சுவரில். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் நடையோடு நிறுத்தாமல், கீழே விழாமல் இருக்க, உடலின் சமநிலைக்கான பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல் துலக்க எப்படியும் நிற்கத்தான் வேண்டும். தனி நேரம் தேவையில்லை.

வாரத்துக்கு என்று இரண்டு. வியாழக்கிழமை இரவு கொண்டைக்கடலைச் சுண்டலும் மோரும் மட்டும். சாதம், டிபன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உறையூரிலிருந்து தென்னூர் உழவர் சந்தைக்கு நடந்து போய், மூன்று வகைக் கீரையாவது வாங்குவது. திரும்பும்போது பை கனத்தால் ஆட்டோ. அதுவும் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மகனின் பத்தாயிரத்துக்கு வருகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-இல், ஜப்பானில் ஒரு நடை எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. பெயர் 'மன்போ-கெய்', பத்தாயிரம் காலடி மீட்டர் என்று பொருள். உலகமே இன்று சொல்லும் எண் அந்தப் பெயரிலிருந்து வந்தது. 2019-இல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரும் குழுவினரும் சராசரி 72 வயதுள்ள பெண்களின் நடையை அளந்து வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 காலடி வைத்தவர்களைவிட 4,400 காலடி வைத்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் மேலும் கூடாமல் நின்றது. இதை வாசித்துக் காட்டியதும், "பொம்பளைங்களப் பத்தின ஆராய்ச்சியா? அப்ப நீங்க மட்டும் எதுக்குப் போறீங்க, இருங்க" என்று மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டாள். அன்று முதல் இரவு நடைக்கு இரண்டு பேர்.

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர்தான் எங்கள் கணக்குப் புத்தகம். முடித்த நாளுக்கு ஒரு டிக். இரண்டு இழை நாளுக்கும் அதே டிக்தான். பாதி டிக் கிடையாது. கட்டம் காலியாக விழுந்தால் விழட்டும், அடுத்த நாள் மட்டும் காலியாக விடக்கூடாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, ஒரு செயல் தன்னிச்சையான பழக்கமாவதற்கு 66 நாள் போல ஆகிறது என்று கணக்கிட்டார்கள். ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகலாம். ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. எனக்கு ஒற்றைக்கால் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இரவு நடை பழக ஆறு மாதம் ஆயிற்று.

பலன்? அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. 6.3 ஆறு மாதத்தில் 6.1 ஆயிற்று. அடுத்த வருடம் 5.9. இன்னும் வாசப்படியில்தான் நிற்கிறேன். ஆனால் முகம் தெருப் பக்கம் திரும்பியிருக்கிறது. (மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என் எண்ணைப் பார்த்து எதையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.)

நம் வயதில் பெரிய தீர்மானங்களுக்குப் பஞ்சமில்லை. தை பிறந்தால் ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. அவற்றுக்கெல்லாம் நல்ல நாளின் அளவு மட்டுமே வைத்திருப்போம். நண்பர்களே, இன்று ஏதாவது ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால், காய்ச்சல் அடிக்கும் நாளில் அதை எவ்வளவு செய்வீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றது தானாக வளரும்.

போன ஞாயிறு சந்தையில் தக்காளி கிலோ முப்பது ரூபாய். அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார்.