எல்லைப்புறத்து ஊடுவழிகள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் கிழக்கே மோட்டார் சைக்கிளில் செல்வோர் முதலில் உணர வேண்டியது ஒன்றுண்டு. தஞ்சை, மதுரைப் பக்கத்து அன்பர்கள் அறிந்த ‘ஊர்’ அங்கே இல்லை. வீடுகள் தெருவாக நெருங்கி நில்லாமல், ஒவ்வொன்றும் தன் விளையின் நடுவே தனித்து நிற்கும். தென்னை, மரச்சீனி, ரப்பர் எனத் தோட்டங்கள் தொடருமேயன்றி, ஓரூர் முடிந்து மற்றோரூர் தொடங்குமிடம் புலப்படாது.

மாநில எல்லையும் அத்தகையதே. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளை நெடுஞ்சாலையில் இப்பிரிவு தெளிவாகத் தெரியும். ஊடுவழிகளிலோ ஒரு வளைவில் மலையாளப் பலகை, மறுவளைவில் தமிழ்ப் பலகை. கே.எல். 19, டி.என். 75 எண் வண்டிகள் கலந்தே எதிர்ப்படும். பனச்சமூட்டுச் சந்தையில் இருபுறத்தாரும் கூடுவர்.

பிழைப்பின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நமக்கு, அப்பகுதியில் தந்தையாரின் தமக்கை ஒருவர் உண்டு. நம் வழக்கில் மாமி. அகவை எண்பதைக் கடந்தவர். தங்கை மகளின் ஆவணித் திருமணத்திற்குத் தபாலில் அழைப்பிதழ் அனுப்பினால், அதை அழைப்பாகவே அவர் கொள்ளார். வழியறிந்த தந்தையாரோ இன்றில்லை. ஆகவே ஆனி மாத மழைக்கிடையே, பள்ளி மாணவியான மகளைப் பின்னிருக்கையில் அமர்த்திக் கொண்டு புறப்பட்டோம்.

கையிலிருந்த முகவரி ‘வடக்கே புத்தன்வீடு’. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலைப் படித்தோர் இப்பெயரின் மணத்தை அறிவர். தபால்காரரின் துன்பத்தையும் ஊகிப்பர். அங்கே திசைக்கொரு புத்தன்வீடு! கைப்பேசி வரைபடமோ, அமரவிளை, தனுவச்சபுரம், காரக்கோணம் வரை நன்றாகவே நடத்திச் சென்று, பின்னர் ஓர் ஒற்றையடிப் பாதையைச் சாலையெனக் காட்டி, ஏலாக்கரையில் கொண்டுவிட்டது. செம்மண் சரிவில் முதற் கியரிலேயே மீண்டும் மேலேறினோம்.

இனிக் கேட்பதே வழி. எதிர்ப்படுபவரை ‘அண்ணாச்சி’ என்பதா, ‘சேட்டா’ என்பதா? ‘அண்ணா’ என்பதே உத்தமம். திருவனந்தபுரம் மாவட்டத்து மலையாளத்திலும் அச்சொல் வழங்குகிறது. ரப்பர் பால் எடுத்துக் கொண்டிருந்த முதியவர், கத்தியைத் தாழ்த்தி, “ஆருக்க வீட்டுக்கு மக்களே?” என்றார். வீட்டுப் பெயரை அவர் பொருட்படுத்தவேயில்லை. மாமியின் கணவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்றதும், “வாத்தியார் சாருக்க வீடா!” என முகம் மலர்ந்தார். ‘மக்களே’ என்ற அவ்விளியை வைத்து அவர் எம்மாநிலத்தவர் என்று யாரும் கூற இயலாது. எல்லையின் இருபுறத்து முதியோர்க்கும் அது பொதுச்சொல்.

அவர் சொன்ன அடையாளங்கள் எவ்வரைபடத்திலும் இல்லாதவை: குருசடியில் இடப்புறம், ஏலா முடிவில் காவு, அப்பால் ஓர் ஏற்றம். ‘மூடு’ என்றால் மரத்தடி என்பதையும் மகளுக்கு அவரே விளக்கினார். அவள் அனைத்தையும் வாய்க்குள் சொல்லிக் கொண்டே வந்தாள்.

மாமி தாம்பூலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கொண்டு, முதலில் கேட்டது, “எந்த வழியாட்டு வந்திய?” என்பதுதான். நாம் வாய் திறக்குமுன் மகள் ஒப்பித்தாள்: குருசடி, ஏலா, காவு, ஏற்றம்.

“காவுக்கு முன்னே ஒரு குறுக்குவழி உண்டு மக்களே,” என்றார் மாமி. “உனக்க தாத்தா அதிலேதான் வருவான்.”