முச்சில்லு வண்டியும் கணினி வீதியும்

பொறியியல் என்றதும் நெடும் பாலங்களையும் விண்கலங்களையும் எண்ணுதல் இளைஞர் இயல்பு. எமது சிந்தையோ கல்முனைத் தெருவில் ஓடும் ஓட்டோவிலேயே நிலைத்துவிட்டது. மருதமுனை நெசவுப் பொதியும், சாய்ந்தமருது மீன் பெட்டியும், நிந்தவூர் நெல் மூடையும் அதிலேதான் ஏறுகின்றன. எம் சிறார் பள்ளி செல்வதும் அதிலேதான். வளைவிலே அவ்வண்டி சாயுந்தோறும் பிடிகம்பியை இறுகப் பற்றிய அனுபவம் எமக்கும் உண்டு. இதனை வாசிப்போர் பலருக்கும் உண்டு.

அச்சாய்வின் காரணம் எளியது. நாற்சில்லு வண்டி ஒரு நீள்சதுரத்தின் மேல் நிற்கின்றது. முச்சில்லு வண்டியோ முன்னே குறுகும் முக்கோணத்தின் மேல் நிற்கின்றது. ஆதலின் பாரம் முன்னே நகர நகர, கவிழும் எல்லை அண்மையாகின்றது. பின் சில்லுகளிடையே 1.2 மீற்றரும், முன் சில்லுக்கும் பின் அச்சுக்குமிடையே 2 மீற்றரும் உள்ள வண்டியொன்றைக் கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் 0.6 மீற்றர் உயரத்திலும், முன் சில்லுக்கு 1.4 மீற்றர் பின்னேயும் இருப்பின், 10 மீற்றர் ஆரையுள்ள வளைவில் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வேகத்தில் உட்சில்லு நிலத்தை விட்டெழும். சாரதியருகே ஆளையிருத்திப் பொதியை உயர அடுக்க, அவ்வளவுகள் 0.7, 1.2 என மாறின், 25 கிலோமீற்றர் அளவிலேயே அது நிகழும்.

இக்கணக்கு வண்டியை வில்லற்ற கட்டையாகக் கொண்டது. மெய் வண்டியிலோ புறத்து வில் அமுங்க, உடல் மேலும் சாய்ந்து, எல்லை இன்னுங் குறுகும். வில்லை இறுக்கினால் சாய்வு குறையும். பயணியின் முதுகெலும்போ நோகும். 1930களில் மோறிஸ் ஒல்லி என்னும் பொறியியலாளர், பாரக் கட்டிகளை இடம் மாற்றத்தக்க காரொன்றை அமைத்தே இத்தகைய வினாக்களை ஆராய்ந்தார். 1977இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கிய நிறுவனமொன்று ‘அடம்ஸ்’ என்னும் மென்பொருளை வணிகத்துக்குக் கொணர்ந்தது. வில், அதிர்வு தாங்கி, டயர், வீதி யாவற்றையும் எண்களாக்கிக் கணினியிலே ஓட்டிப் பார்க்கும் கலை இது. அங்கே வண்டி ஆயிரம் முறை கவிழினும் ஒரு குழந்தைக்கும் காயமில்லை.

ஆயினும் கணினி, கொடுத்ததையே திருப்பித் தரும். பிறநாட்டு வீதியையும் வெறும் வண்டியையும் கொடுத்தால், விடையும் எமக்கு அந்நியமாகும். சாரதி ஒருவர் எம்மிடம், “சேர், பாரம் ஏத்தாட்டி லீசிங் கட்ட ஏலா” என்றார். அப்பாரமும் கணக்கில் ஏற வேண்டும். ஏற்றிய வண்டியின் ஒவ்வொரு சில்லும் தாங்கும் நிறை, வில்லின் வலிமை, எமது தெருவின் குழி, கடற்காற்று கொணரும் மணல் ஆகியவற்றை அளந்தே கணினிக்கு ஊட்டல் வேண்டும். மெதுவான மெய்யோட்டம் ஒன்றோடு விடையை ஒப்பிடலும் வேண்டும். பாரத்தை ஏற்றாதே என்பது அச்சாரதிக்கு விடையன்று. எத்துணை ஏற்றலாம், எங்கே வைக்கலாம், எவ்வேகத்தில் திரும்பலாம் என்பதே விடை.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உண்டு; எம் கல்லூரியிலோ கணிதத்தில் வல்ல மாணவர் உளர். தராசும் அளவு நாடாவும் கையிலேந்தி அவர்கள் தெருவில் இறங்குவராக! விழாக் காணும் எம் கல்லூரி அன்னைக்கு அதனினும் உவந்த காணிக்கை வேறு யாதுளது?