கரையும் தகடு

எழுதிய செய்தி யாரைச் சென்றடைகிறது என்பது பத்திரிகையாளனுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. எனக்கு ஒருமுறை தெரியவந்தது.

தொண்ணூறுகளின் முற்பகுதி. கொழும்பில் பத்திரிகையின் உட்பக்கத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். சிறிது இடம் மிஞ்சியது. வெளிநாட்டுச் செய்திக் குறிப்பொன்றை மொழிபெயர்த்து நிரப்பினேன். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பென்ற்றி றொக்கனன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும், முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கு உலோகத்துக்குப் பதிலாக, உடலிலேயே கரைந்துபோகும் சிறு கோல்களை 1984 முதல் பயன்படுத்தி வருகின்றனர் என்பதே செய்தி. “இனி இரண்டாவது சத்திரசிகிச்சை இல்லை” என்று தலைப்பிட்டேன்.

சில வாரங்களின் பின் விடுமுறையில் திருகோணமலைக்குச் சென்றிருந்தேன். உட்துறைமுக வீதியிலிருந்த எங்கள் வீட்டுக்குத் திருக்கடலூரிலிருந்து ஒருவர் வந்தார். கரைவலை இழுப்பவர், நாற்பது வயதிருக்கும். பாறையில் வழுக்கி விழுந்ததில் வலது முன்கையின் இரு எலும்புகளும் முறிந்திருந்தன. புக்கை கட்டிப் பன்னிரண்டு நாட்களாகியிருந்தன. சட்டைப் பையிலிருந்து எனது செய்தியின் நறுக்கை எடுத்தார்.

“தம்பி, ஆசுப்பத்திரியிலை தகடு வைக்கவேணும் எண்டு சொல்லுகினம். பிறகு அதைக் கழட்ட இன்னொருக்கா வெட்டவேணுமாம். இந்தக் கரையிற சாமானை எங்கை எடுக்கலாம்?”

அவரது கணக்கில் பிழையில்லை. ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் பல வாரங்கள் வலை இழுக்க முடியாது. யுத்த காலம், சோதனைச் சாவடிகளைத் தாண்டி வெளியூர் போய்வர வேண்டும். விசாரித்துச் சொல்வதாக வாக்களித்தேன். விசாரிக்கவும் செய்தேன், ஐந்து வாரங்கள் கழித்து.

கொழும்பில் நான் சந்தித்த எலும்பு நிபுணர் இரண்டு பென்சில்களைக் கையில் எடுத்தார். முன்கையில் ஆரை, அரந்தி என இரண்டு எலும்புகள். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ஆரை அரந்தியைக் குறுக்கே கடந்து சுழல்கிறது. ஆகவே அவை கோணலாகப் பொருந்தினால் கை சரியாகச் சுழலாது. சிறுவர்களுக்கு வளர்ச்சி அந்தக் கோணலை ஓரளவு திருத்திவிடும். வளர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. அவர்களது எலும்பு பொருந்த மூன்று நான்கு மாதங்களும் செல்லலாம். ஹெல்சிங்கியில் பயன்படுத்திய பொலிகிளைகொலைட்டோ சில வாரங்களிலேயே வலிமையின் பெரும்பகுதியை இழந்துவிடும். அவர்கள் அதைப் பொருத்தியது கணுக்கால் முறிவுகளில்.

மூலக் குறிப்பில் ‘கணுக்கால்’ என்ற சொல் இருந்தது. இடம் போதாமல் நானே அதை வெட்டியிருந்தேன்.

உடனே தகவல் அனுப்பினேன். அதற்குள் எலும்புகள் கோணலாகவே ஒட்டத் தொடங்கியிருந்தன. எனது பதிலுக்காக அவர் காத்திருந்திருக்கிறார்.

பிற்காலத்தில் பொலிலக்டைட்டு போன்ற, மெதுவாகக் கரையும் பொருட்கள் வந்தன. மக்னீசியக் கலப்புலோகத் திருகாணியொன்றுக்கு 2013இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. சிறு எலும்புத் துண்டுகளைப் பொருத்தவும், முழங்கால் இணையத்தைச் சீரமைக்கவும் கரையும் உறுப்புகள் உதவுகின்றன. சிறுவர்களின் முன்கை முறிவுகளிலும் கரையும் கோல்கள் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் வளர்ந்தவரின் முன்கை நடுவில் முறிந்தால் இன்றும் வழமையான தெரிவு உலோகத் தகடுதான். தொல்லை தராவிட்டால் அதைக் கழற்றாமலே விட்டுவிடுவதும் வழமை. கழற்றினால், திருகாணி இருந்த துளைகளின் வழியே எலும்பு மீண்டும் முறியக்கூடும். அவர் அஞ்சிய இரண்டாவது சத்திரசிகிச்சை ஒருவேளை அவருக்குத் தேவைப்பட்டே இராது. இதை நானும் அன்று அறிந்திருக்கவில்லை.

2003இல், போர்நிறுத்த காலத்தில், கோணேசர் கோயிலில் அவரைக் கண்டேன். குருக்கள் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தார். அவரது வலது உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி, தோளை ஒருபுறம் சாய்த்து, இடது கையைக் கீழே தாங்கலாகக் கொடுத்து வாங்கிக்கொண்டார். என்னைக் கண்டதும், “தம்பி, கொழும்பாலை எப்ப வந்தனீங்கள்?” என்று கேட்டார். செய்தியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதன்பின் மருத்துவச் செய்தி எதை எழுதினாலும் எந்த உறுப்பு, எந்த வயதினர், எத்தனை பேர் என்ற விபரங்களை நான் வெட்டியதில்லை. தலைப்புகள் அதனால் சற்றே சோபையிழந்திருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.