எண்ணெய் வந்த வழி

எங்கள் பக்கத்தில் பெண்கள் வாகனம் ஓட்டுவது இப்போது புதினமில்லை. ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறோம். முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். ஆனால் வாகனத்தில் ஒரு பழுது என்றால், திறப்பைக் கொடுத்துவிட்டு கராஜ் வாசலில் நிற்பவர்களே எங்களில் அதிகம். சொல்லும் காசு நியாயமா இல்லையா என்று கேட்பதற்கும் கொஞ்சம் விடயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு மொறிஸ் மைனர் 1000. 1098 சிசி எஞ்சின். அப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். 1990 இற்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எங்கள் குடும்பத்தைச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனதும் இந்தக் கார்தான். பிறகு என் கணவர் ஓட்டினார். 2007 இல் வெளியே போன அவர் இன்னும் திரும்பவில்லை. 2011 இல் நான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் வயதானவர்கள். இதுதான் எங்கள் வீட்டு உழைப்பு.

சில மாதங்களுக்கு முன் காரின் கீழே எண்ணெய் சொட்டத் தொடங்கியது. கிழமைக்கு அரை லீற்றர் ஒயில் விட வேண்டியிருந்தது. கராஜில் காட்டினேன். குனிந்து பார்த்தவர், "பின் சீல் போயிட்டுது அக்கா, எஞ்சின் இறக்க வேணும்" என்றார். அவர் கேட்ட தொகை என் இரண்டு மாத உழைப்பு. இரண்டு கிழமை கார் நின்றால் பிள்ளைகளின் பெற்றோர் வேறு வாகனம் பிடித்துவிடுவார்கள். "வித்துப்போட்டு நிம்மதியா இருங்கோ" என்று மைத்துனர் சொன்னார். கார் போனால் மகளின் உயர்தரப் படிப்புச் செலவுக்கு எங்கே போவது?

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஐயா ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"பிள்ளை, இந்த எஞ்சினுக்குப் பின்பக்கத்திலை றப்பர் சீலே இல்லை. தண்டிலை வெட்டின திருகு வரிதான் ஒயிலைத் திருப்பி உள்ளுக்கு அனுப்புறது. முதல்ல எங்கையிருந்து வருதெண்டு பார். எண்ணெய் கீழை ஓடும், காத்துப் பட்டாப் பின்னுக்குப் போகும். சொட்டுற இடம் வேறை, கசியிற இடம் வேறை."

அவர் சொன்னபடி செய்தேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பழைய பிறஸ்ஸில் மண்ணெண்ணெய் தொட்டு, படிந்த அழுக்கையெல்லாம் கழுவித் துணியால் துடைத்தேன். மண்ணெண்ணெய் முழுவதும் காயும்வரை, மறுநாள் மட்டும், எஞ்சினை ஸ்ரார்ட் செய்யவில்லை. காய்ந்தபின், சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினேன். கீழே ஒரு மட்டை விரித்தேன். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.

பார்க்க வேண்டிய இடங்கள் சிலதான். மேலே தப்பெட் மூடியின் பக்கிங், முன்னே கப்பி இருக்கும் இடத்துச் சீல், ஒயில் பில்ரர், கீழே சம்ப் பக்கிங், ஒயில் கழற்றும் நட்டின் வாசர். நனைந்த இடங்களுள் மிக உயரமானது எதுவோ, அங்கேதான் கசிவு. இந்த எஞ்சினின் பக்கத்தில் சைலன்சர் குழாய்க்குக் கீழே இரண்டு சிறிய தகட்டு மூடிகள் உண்டு. பின்பக்க மூடிக்குக் கீழே வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. அதற்கு மேலே எல்லாம் காய்ந்தபடி. அந்தக் கோடு சம்ப் விளிம்பு வழியே பின்னே போய், கியர்பெட்டிப் பக்கம் சொட்டியிருக்கிறது. அதனால்தான் பின் சீல் போலத் தோன்றியது.

எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேற ஒரு மூச்சுக் குழாயும் இருக்கிறது. அது கரி பிடித்து அடைபட்டிருந்தது. ஆவி போக வழியில்லாவிட்டால் உள்ளே அமுக்கம் கூடி, பலவீனமான பக்கிங் வழியாக ஒயிலைத் தள்ளும். குழாயைத் துப்புரவாக்காமல் பக்கிங் மட்டும் மாற்றினால் கசிவு திரும்பவும் வரும்.

மேலே இருந்த குழாய்களைக் கழற்றப் பக்கத்து வீட்டுத் தம்பி உதவினார். பழைய கோர்க் பக்கிங் ஓடு போல் நொறுங்கியது. ஒட்டியிருந்ததைச் சுரண்டி, புதியதை வைத்து, நடுவில் உள்ள ஒரேயொரு ஆணியை அளவாக இறுக்கினேன். பலமாக இறுக்கினால் தகடு வளைந்து மறுபடி கசியும் என்று ஐயா எச்சரித்திருந்தார். பக்கிங்கின் விலை ஒரு சோற்றுப் பார்சல் அளவுதான். வேலை ஒரு சனி, ஞாயிறில் முடிந்தது. திங்கட்கிழமை பிள்ளைகளை வழக்கம்போல் ஏற்றினேன்.

இப்போது கிழமைக்கு ஒரு ரூபாய்க் குற்றியளவு பொட்டு மட்டும் மட்டையில் விழுகிறது. பழைய எஞ்சின், அவ்வளவு போகும் என்கிறார் ஐயா. காலையில் கார் சமதரையில் நிற்கும்போது கம்பியை இழுத்து ஒயில் அளவு பார்ப்பதை விடுவதில்லை.

சகோதரிகளே, சில விடயங்களை மனதில் வையுங்கள். ஜக்கில் மட்டும் தூக்கிய வாகனத்துக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். ஒயில் கசியும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். சூடான சைலன்சரில் ஒயில் விழுந்து புகைந்தால் தீப்பிடிக்கவும் கூடும்; தாமதிக்க வேண்டாம். கழிவு ஒயிலை வளவில் ஊற்றாதீர்கள். எங்கள் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இலகுவாகப் போய்ச் சேரும். 2015 அளவில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். கழிவு ஒயிலைக் கானில் சேர்த்து, எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

எல்லாப் பழுதையும் நாங்களே திருத்த வேண்டும் என்றில்லை. கராஜுக்குப் போகும்போது, "எந்த இடத்தில் கசிகிறது, கழுவிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.